ஃப்ரெஷர் நீங்களா, கம்பெனியா?

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வேறு. ஆனாலும் வேலைக்கு எழுதிப்போடும் பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தும் என்னிடம் ஒரு வாக்கியம் மட்டும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது: 'பீயிங் அ ஃப்ரெஷர், யுவர் கம்பெனி வில் ஹெல்ப் மீ டு குரோ.' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதன்படி ஃப்ரெஷர் நீங்கள் இல்லை, அந்தக் கம்பெனி!

ஆங்கிலத்தில் 'இங்' போட்ட ஒரு துண்டு முதலில் வந்து கமா விழுந்தால், கமாவுக்கு அடுத்து யார் நிற்கிறாரோ அவர் தலையில்தான் அது விடியும். தமிழ் இதில் தாராளம். 'ஜங்ஷனுக்கு நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது' என்றால் மழை நடந்து போனதாக யாரும் நினைக்க மாட்டார்கள். அதே பழக்கத்தில் 'வாக்கிங் டு த ஜங்ஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதிவிடுகிறோம், அங்கே மழைக்குக் கால் முளைத்துவிடுகிறது. 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று ஆளைக் கொண்டுவந்தால் தீர்ந்தது. கடிதத்துக்கு 'ஆஸ் அ ஃப்ரெஷர், ஐ ஹோப் டு லேர்ன் அ லாட் அட் யுவர் கம்பெனி' போதும். 'ஜெனரலி ஸ்பீக்கிங்' மாதிரி சில தொடர்களுக்கு விலக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு வம்புக்கு வராதீர்கள்.

அப்புறம் காலம். '2019-இல் பி.காம். முடித்திருக்கிறேன்' என்பது தமிழில் சரி, அதை அப்படியே 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம். இன் 2019' என்று போட்டால் தப்பு. முடிந்துபோன ஆண்டைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' ஒட்டாது, 'ஐ கம்ப்ளீட்டட்' தான். நேர்மாறாக, '2021-லிருந்து வேலை பார்க்கிறேன்' என்பதை 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021' என்று எழுதுகிறார்கள், அங்கேதான் 'ஹேவ் பீன் ஒர்க்கிங்' வேண்டும்.

'ஹேட்' கதை தனி. மரியாதையாகத் தெரியும் என்றோ என்னவோ, 'ஐ ஹேட் கம்ப்ளீட்டட்' என்று வரிக்கு வரி தூவுகிறார்கள். கடந்த காலத்தில் இரண்டு சம்பவங்கள் இருந்து, அதில் எது முந்தியது என்று காட்டத்தான் அது. 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், நெல்லை எக்ஸ்பிரஸ் லெஃப்ட்' என்றால் நீங்கள் போய்ச் சேரவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது. 'ஹேட் லெஃப்ட்' என்றால் நீங்கள் போவதற்கு முன்பே வண்டி போய்விட்டது. பயோடேட்டாவில் பட்டம் வாங்கிய வரியில் இரண்டாவது சம்பவமே கிடையாது, அங்கே 'ஹேட்' எதற்கு?