கேமராவின் விலையும் மணவறையின் வெளிச்சமும்

திருமணப் புகைப்படத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். அவர்களில் ஒருவர், மாதத் தவணையில் வாங்கிய விலை உயர்ந்த ஃபுல் ஃபிரேம் கேமராவுடன் (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள வகை) ஒரு முகூர்த்தத்தைப் படமெடுத்துவிட்டு, கலங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார். தாலி கட்டும் படங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருந்தன. கேமராவில் பழுது என்றே அவர் நம்பியிருந்தார்.

பழுது எதுவும் இல்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதால், மண்டபங்களில் தொங்கும் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன; கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, ஒளியை உள்ளே விடும் நேரமான ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு உயர்த்தும்போது படத்தில் பட்டையாகப் பதிந்துவிடுகிறது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை வேறு அவர் பயன்படுத்தியிருந்தார். பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், பட்டைகள் இன்னும் கூடும். திரை திறந்து மூடும் சாதாரண மெக்கானிக்கல் ஷட்டரில், விளக்கின் ஒரு முழுத் துடிப்பும் அடங்கும்படி 1/100 நொடி வைத்திருந்தால், பழைய கேமராவிலேயே அந்தப் படங்கள் பிழைத்திருக்கும்.

பணத்தை எங்கே செலவிடுவது என்பதிலும் இதே தெளிவு வேண்டும். அளவில் சிறிய ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரைவிட ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்த அளவுக்குத்தான் அது கூடுதல் ஒளியை வாங்கும். ஆனால் கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் எஃப் 5.6 துவாரத்திலிருந்து (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்), எளிய விலையில் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு மாறினால், உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வீட்டு நகையை அடகு வைத்து கேமரா வாங்க நினைப்பவர்கள், இந்தக் கணக்கை ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கருவி பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொலைவில் பறக்கும் பறவையை எடுக்க நீண்ட லென்ஸ் இல்லாமல் முடியாது. இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் வசதியைத் திருமணத்துக்கு நான் கட்டாயம் என்றே கருதுகிறேன், ஏனென்றால் படம் அழிந்தது என்பதற்காகத் தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. ஆனால், பல குடும்பங்களில் முதல் முடிச்சை மணமகனும் மற்ற இரண்டையும் நாத்தனாரும் போடுவார்கள் என்பதை முன்பே கேட்டறிந்து, கெட்டிமேளம் ஒலிப்பதற்குள், அட்சதை தூவும் கைகள் மறைக்காத இடத்தில் போய் நிற்பதை எந்த கேமராவும் செய்து தராது.

அந்த இளைஞர் இப்போது முந்தைய நாள் மாலையே மண்டபத்துக்குப் போய், மணவறை விளக்குகள் அனைத்தையும் போடச் சொல்லி, வெவ்வேறு ஷட்டர் வேகங்களில் சில படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே வீடு திரும்புகிறார்.