கில்ட்: சொல்லும் உடையும் பர்ன்ஸ் விருந்தும்

கில்ட் என்பது ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கம்பளி உடை. பின்புறம் முழுக்கக் கொசுவம் வைத்துத் தைத்திருக்கும். முன்புறம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும் இரண்டு தட்டையான மடல்கள் உண்டு. நீளம் முழங்கால் நடுப்பகுதி வரை.

உடை மலைநாட்டினுடையது. பெயரோ தாழ்நிலத்து மக்கள் பேசும் ஸ்காட்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'கில்ட்' முதலில் வினைச்சொல். உடுத்திய துணியைத் தூக்கிச் செருகிக்கொள்வதைக் குறித்தது. நாற்று நடப் போகிறவர்கள் சேலையை ஏற்றிச் செருகுவார்களே, அந்தச் செயல்தான். வேர் ஸ்காண்டிநேவியாவில் இருக்கிறது. டேனிஷ் மொழியில் இதே பொருளில் இதற்கு உறவான வினை உண்டு. பழைய நார்ஸ் மொழியின் 'கியால்ட்டா' மடியைக் குறிக்கும். நம் 'மடி'யைப் போலவே துணியின் மடிப்புக்கும் உட்கார்ந்தவரின் மடிக்கும் பொதுவான சொல்.

மலைநாட்டவர் பேசிய கேலிக் மொழியில் இதன் பெயர் 'ஃபேலா'. பழைய வடிவம் 'ஃபேலா மோர்', அதாவது பெரிய ஃபேலா. நீண்ட கம்பளித் துணியை உடம்பில் வைத்தே கொசுவி, இடுப்புவாரால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். பகலில் உடை, இரவில் போர்வை. 18ஆம் நூற்றாண்டில் மேல்பாதி இல்லாத 'ஃபேலா பெக்', அதாவது சிறிய ஃபேலா, பரவியது. கொசுவத்தை நிலையாகத் தைத்துவிடும் வழக்கம் 1790களில் வந்தது. இன்று விருந்துகளில் காண்பது இந்தக் கடைசி வடிவம்.

தமிழில் 'ஆண்கள் பாவாடை' என்று எழுதுவது தவறு. பாவாடை சுற்றிலும் மூடித் தைத்தது. கில்ட் பக்கவாட்டில் திறந்து சுற்றிக் கட்டுவது. 'கொசுவ உடை' என்பது பொருத்தமான சொல். இலக்கிய நடை வேண்டுமென்றால் கொசுவத்தின் பழைய வடிவமான கொய்சகம் இருக்கிறது. முதல் முறை 'கொசுவ உடை' என்று விளக்கிவிட்டு, பிறகு 'கில்ட்' என்றே எழுதலாம். டார்டன் என்பதைக் 'கட்டக்கோலம்' எனலாம், ஏனென்றால் அது துணியின் பெயராக மட்டும் நிற்காமல், குறுக்கும் நெடுக்கும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும் வண்ணக் கட்டங்களையும் குறிக்கிறது.

இனி பர்ன்ஸ் விருந்து, அதாவது ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளையொட்டி நடக்கும் நினைவு விருந்து. அவர் 1759 ஜனவரி 25 அன்று ஏர்ஷயரின் அல்லோவேயில் பிறந்தவர். தாழ்நிலத்து உழவர், பிறகு டம்ஃப்ரீஸில் கலால் வரி அதிகாரி. 1787இல் அலெக்சாண்டர் நாஸ்மித் வரைந்த ஓவியத்தில் கோட்டும் வெயிஸ்ட்கோட்டுமாக இருக்கிறார். 1796இல் வெளியான பாடல் தொகுப்பு ஒன்றுக்கு அவர் கொடுத்த 'டாம் லின்' கதைப்பாடலில் 'கில்ட்' வருகிறது; ஒரு பெண் தன் பச்சைப் பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொள்ளும் வினையாக.

அப்படியானால் அவர் நினைவு விருந்துக்குக் கில்ட் எப்படி வந்தது? ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற மலைநாட்டவர் பலர் சேர்ந்த 1745 கிளர்ச்சிக்குப் பின் 1746இல் இயற்றிய சட்டம் படைவீரர் அல்லாத ஆண்களுக்கு மலைநாட்டு உடையைத் தடை செய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, அடுத்ததற்கு ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல் தடை நீங்கியது. 1822இல் பிரிட்டன் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வரவேற்பை டார்டன் மயமாக்கினார். மலைநாட்டின் உடை நாடு முழுமைக்கும் அடையாளமானது அதற்குப் பிறகுதான். முதல் பர்ன்ஸ் விருந்து அதற்கு முன்பே, 1801இல், அல்லோவேயில் அவர் பிறந்த வீட்டில் நடந்துவிட்டது.

ஆகவே பர்ன்ஸ் விருந்துக்குக் கில்ட் கட்டாயம் என்பதற்கு வரலாற்றில் ஆதாரமில்லை. விருந்தின் முக்கிய உணவான, ஆட்டின் உள்ளுறுப்புகளால் செய்யும் ஹாகிஸுக்கு முன்னால் பைக்குழல் ஊதிவருபவர் கில்ட் அணிவது மரபு. மற்றவர்களுக்கு நல்ல சூட் போதும், டார்டன் டை இருந்தால் அழகு. அதற்காக அணிவதைப் பொய்வேடம் என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. ஒரு காலத்தில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட உடை இது. அணிந்தால் ஒழுங்காக அணிய வேண்டும், அவ்வளவே.

ஒழுங்கு கெடுவது பெரும்பாலும் இடுப்பில். கால்சட்டையைப் போல இடுப்பெலும்பில் கட்டினால் விளிம்பு முழங்காலுக்குக் கீழே தொங்கும், பின்கொசுவம் விரிந்துவிடும். தொப்புள் மட்டத்தில் கட்ட வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது கால்சட்டை அளவைச் சொல்லாமல் அந்த மட்டத்திலேயே நாடா வைத்து அளந்து சொல்லுங்கள். மண்டியிட்டால் விளிம்பு தரையைத் தொடக்கூடாது. முழு அளவுக் கில்டுக்கு 8 கஜம், ஏறக்குறைய 7.3 மீட்டர் துணி செல்லும். கொசுவத்தின் வெளிமுகத்திலும் கட்டக்கோலம் முறியாமல் தொடர அவ்வளவு துணி தேவை. ஆண்களுக்கு மேல்மடல் வலப்பக்கம் முடியும். கில்டுக்கான அலங்கார ஊசியை அதன் கீழ்மூலையில் மேல்மடலில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். உட்காரும் முன் கொசுவத்தைக் கையால் கீழ்நோக்கித் தடவிவிட்டால் கசங்காது.

முன்னால் தொங்கும் தோல்பை ஸ்போரன். கேலிக்கில் பணப்பை என்று பொருள். இடுப்புவார்ப் பூட்டுக்கு ஒரு கையகலம் கீழே அது நிற்கட்டும். மாலை விருந்துக்குக் கறுப்புக் குட்டைக் கோட்டும் போ டையும். பகல் விருந்தானால் ட்வீட் கோட்டும் எளிய தோல் ஸ்போரனும். வெயிஸ்ட்கோட் போட்டால் இடுப்புவார் வேண்டாம். எந்தக் குலத்தின் டார்டன் என்று தயங்க வேண்டியதில்லை: சட்டத் தடை இல்லை, 'பிளாக் வாட்ச்' என்ற டார்டன் எல்லோருக்கும் பொது. அரச குடும்பத்துக்குரிய 'பால்மோரல்' டார்டனை மட்டும் விட்டுவிடுங்கள்.

காலுறையில் செருகும் சிறு கத்தி 'ஸ்கீயன் டூ', கறுப்புக் கத்தி. வலக்கைப் பழக்கமுள்ளவர் வலது காலுறையில், பிடி மட்டும் தெரியும்படி செருகுவார். தேசிய உடையின் பகுதியாக அணிவதை ஸ்காட்லாந்துச் சட்டம் ஏற்கிறது. விமானத்தில் போகிறவர் அதைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.