சொல் விளக்கம்: ஆரம்பத் தலையீடு

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்காகப் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தைத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். 'மாணவரின் உளநலப் பிரச்சினைகளில் ஆரம்பத் தலையீடு' என்று தலைப்பிட்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் வந்து கேட்டார்: "எங்கள் பிள்ளையின் விஷயத்தில் யார் தலையிடப்போகிறார்கள், மிஸ்? அவள் பத்தாம் தரம். இது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத்தானே?"

நான் எழுதிய இரண்டு சொற்களுமே அவரை வாசலில் நிறுத்திவிட்டன.

ஆங்கிலத்தில் இது 'ஏர்லி இன்டர்வென்ஷன்'. இன்டர்வென்ஷனின் வேர் லத்தீன்: 'இன்டர்' என்றால் இடையில், 'வெனிரே' என்றால் வருதல். நோய் தன் போக்கில் போகும்போது இடையில் புகுந்து அந்தப் போக்கை மாற்றுவதை மருத்துவம் இச்சொல்லால் குறிக்கிறது. தமிழில் அதற்கு வாய்த்த 'தலையீடு' அப்படிப்பட்டதன்று. தலையிடுதல் என்றாலே கேளாமல் மூக்கை நுழைப்பதுதான் நம் காதில் விழுகிறது. "எங்கள் குடும்ப விஷயத்தில் தலையிடாதே" என்று பேசிப் பழகிய வீட்டுக்கு இந்தச் சொல்லை அனுப்பினால் கதவு மூடத்தான் செய்யும். 'இடையீடு' லத்தீன் வேருக்கு நெருக்கமானது. ஆனால் அதற்குத் தடை, குறுக்கீடு என்ற பழைய பொருள் உண்டு. அதுவும் உதவாது.

'ஆரம்ப' என்பதிலும் சிக்கல். அந்தத் தாயின் குழப்பம் நியாயமானது, ஏனெனில் ஆங்கிலச் சொல்லுக்கே இரண்டு வரலாறுகள் உண்டு. 1986இல் அமெரிக்கச் சட்டமொன்று, வளர்ச்சி தாமதிக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உதவியை இப்பெயரால் அழைத்தது. அங்கே 'ஆரம்பம்' வயதைச் சுட்டியது. 1992இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் மனநல வைத்தியர் பற்றிக் மக்கோரியும் அவருடைய குழுவினரும் உளமாய நோயின் (சைக்கோசிஸ்: இல்லாத குரல் கேட்பது போல நிஜத்தோடு தொடர்பு தளரும் நிலை) முதல் அறிகுறிகளோடு வரும் இளையோருக்கெனத் தனிச் சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். அங்கே 'ஆரம்பம்' நோயின் தொடக்கத்தைச் சுட்டியது. பதினாறு வயதிலும் அது ஆரம்பம்தான். 10 முதல் 19 வயது வரையானோரில் ஏழு பேருக்கு ஒருவர் உளநலப் பாதிப்போடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பத்தாம் தரப் பிள்ளையை விட்டுவிட்டு இச்சொல்லை விளக்கவே முடியாது.

'முளையிலேயே கிள்ளுதல்' என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிள்ளுவது களையை, வாசிக்கும் பிள்ளை தன்னைத்தான் களை என்று நினைக்கும்.

நடைமுறையில் இது மிக மென்மையான காரியம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பாடசாலைக்குப் போக மறுக்கிறாள், தோழிகளை விட்டு ஒதுங்குகிறாள் என்றால் அவளோடு பேசுவது, பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்வது, உளவளத்துணையாளரிடமோ (கவுன்சிலர்) மனநல வைத்தியரிடமோ அழைத்துப்போவது. மருந்து தேவைப்பட்டால் மட்டுமே.

உளவளத்துணை என்ற நல்ல சொல் இலங்கையில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதிலிருந்து 'துணை'யை எடுத்துக்கொள்ளலாம். 'ஆரம்ப' என்பதற்குப் பதிலாக நம் வீடுகளில் புழங்கும் 'நேரகாலத்தோடு' இருக்கிறது. வயதைச் சொல்லாமல் தாமதத்தை மட்டும் தவிர்க்கச் சொல்லும் சொல். திணைக்கள அறிக்கைகளில் 'ஆரம்பத் தலையீடு' இருந்துவிட்டுப் போகட்டும். பெற்றோருக்கு எழுதும்போது 'நேரகாலத்தோடு துணை' என்றே எழுதுகிறேன். அதன் கீழே, பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் பெயரையும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுகிறேன்.