களிமண்ணுக்கு பதம் பாக்குறது எப்படி?

மே மாசம் கோவில்பட்டி பக்கம் கரிசக்காட்டுல வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிப் பாருங்க, கடப்பாரை ணங்குன்னு எகிறும், மண்ணு அவ்ளோ இறுகிக் கிடக்கும். உடனே "நல்ல கெட்டி மண்ணு, எவ்ளோ வெயிட்டும் தாங்கும்"னு முடிவு பண்ணிடுவாங்க, ஆனா ஐப்பசி மழைக்கப்புறம் அதே எடத்துல நடந்தா செருப்புல அரை கிலோ சேறு ஒட்டிட்டு வரும். மண்ணு அதேதான், தண்ணி மட்டும்தான் கூடியிருக்கு. அதனால களிமண்ணு கெட்டியான்னு கேக்குறதே அரைக் கேள்விதான், எவ்ளோ தண்ணியில கெட்டின்னு சேர்த்து கேக்கணும்.

வெல்லப் பாகுக்கு பதம் இருக்குற மாதிரி களிமண்ணுக்கும் இருக்கு. அதுக்கு 1911-ல எல்லை போட்டவர் ஸ்வீடன்காரர் ஆல்பெர்ட் அட்டர்பெர்க், அவர் ஒரு கெமிஸ்ட், விவசாய மண்ண ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தவர். முதல் எல்லை பிளாஸ்டிக் லிமிட், அதுக்குக் கீழ ஈரம் போனா மண்ணு பிசைய வராம உதிரும். அதப் பாக்க மிஷினே வேணாம், ஈர மண்ண கண்ணாடி மேல வச்சு உள்ளங்கையால உருட்டி உருட்டி 3 மி.மீ. திரியாக்கணும், மறுபடி பிசைஞ்சு மறுபடி உருட்டணும், ஒவ்வொரு தடவையும் ஈரம் கொறையும், சரியா 3 மி.மீ. வரும்போது திரி உதிர ஆரம்பிச்சா அப்ப இருக்குற ஈரம்தான் பிளாஸ்டிக் லிமிட். அந்த உதிர்ற நேரத்த கண்டுபிடிக்க கைப்பழக்கம் வேணும், புதுசா பண்றவங்க அவசரப்பட்டு எடுத்துடுவாங்க.

ரெண்டாவது எல்லை லிக்விட் லிமிட், அதத் தாண்டினா மண்ணு கூழு மாதிரி ஓடும். அதப் பாக்க கேசகிராண்டே கப்புன்னு ஒரு கருவி. பித்தளைக் கிண்ணத்துல மண்ணப் பரப்பி நடுவுல கீறி, 10 மி.மீ. ஒசரத்துலேர்ந்து நொடிக்கு ரெண்டு தடவ தட்ட விடணும், 25 தட்டுல அந்தக் கீறல் 12 மி.மீ. நீளத்துக்கு மூடிக்கிற ஈரம்தான் கணக்கு. ஏதோ இஷ்டத்துக்கு வச்ச நம்பர் மாதிரி தோணும், ஆனா ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டி நிலச்சரிவுதான், எந்தக் களிமண்ணா இருந்தாலும் அந்த எல்லையில அதோட வெட்டு வலிமை (சறுக்காம தாங்குற பலம்) சுமாரா 2 கிலோபாஸ்கல்கிட்டதான் நிக்கும். பிளாஸ்டிக் லிமிட்டுக்கு வந்தா அது ஏறக்குறைய நூறு மடங்கு!

ஈரத்த காஞ்ச மண்ணோட எடையில தண்ணி எத்தன சதவீதம்னு சொல்லுவாங்க. உதாரணத்துக்கு பிளாஸ்டிக் லிமிட் 25 சதவீதம், லிக்விட் லிமிட் 70 சதவீதம்னு வைங்க. கோடையில சைட்டுல ஈரம் 15 சதவீதம்னா மண்ணு கல்லு, மழையில 40 ஆனா மூணுல ஒரு பங்கு தூரம் கொழகொழப்புக்குப் போயாச்சு. இந்த ரெண்டு லிமிட்டுக்கும் நடுவுல இருக்குற 45-தான் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ், பொதுவா அது பெருசா இருந்தா மண்ணு உப்பும் சுருங்கும்னு அர்த்தம், கரிசல்ல வீட்டுச் சுவர் விரியுறது அதனாலதான்.

சைட்டுல அவசரத்துக்கு கட்டைவிரல் போதும். பலமா அமுக்கினா குழி விழுதா, அது நடுத்தரம், அழுத்துறதுல லேசா தடம் மட்டும்தான் விழுதுன்னா கெட்டி, நகம் மட்டும்தான் பதியுதுன்னா ரொம்பக் கெட்டி. ஆனா அது இன்னிக்கு உள்ள பதம் மட்டும்தான்.

அதோட லேப்ல பிசைஞ்ச மண்ணுதான் பேசுது, பூமிக்குள்ள பிசையாம கிடக்குற மண்ணு வேற. நார்வேயில குயிக் கிளேன்னு ஒண்ணு இருக்கு, அதோட ஈரம் லிக்விட் லிமிட்டயே தாண்டியிருக்கும், ஆனாலும் கலைக்காத வரைக்கும் திடமா நிக்கும். 2020 டிசம்பர் 30 அன்னிக்கு அங்க யெர்ட்ரும்ங்கிற ஊர்ல அந்த மண்ணு கலைஞ்சு, கூழு மாதிரி ஓடி, தூங்கிட்டிருந்த ஜனங்களோட வீடுகள இழுத்துட்டு போச்சு.