‘ஒரே ஊதியம்’ அன்று, ‘சம ஊதியம்’

உள்ளாட்சிப் பணியாளர்களின் ஊதிய வழக்குகளைப் பற்றிய செய்திகளில் ‘ஒரே வேலைக்கு ஒரே ஊதியம்’ என்னும் தொடர் வேரூன்றிவிட்டது. தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக் கோரிக்கைச் சுவரொட்டிகளிலும் அதையே காண்கிறேன். எடுப்பான தொடர்தான், ஆனால், யாருக்காக எழுப்பப்படுகிறதோ அவர்களின் வழக்கையே அது கெடுக்கும்.

‘ஊதியம்’ பழஞ்சொல். ‘ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்னும் குறளில் அதற்குப் பயன், பேறு என்பதே பொருள். உழைப்புக்கு ஈடாகப் பெறும் பணம் என்பது பிற்கால வழக்கு. ‘சமம்’ வடசொல் என்று ஒதுக்குவோர், ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று வள்ளுவர் ஆண்டதை மறக்கலாகாது. தராசின் ஒரு தட்டில் எடைக்கல், மறுதட்டில் நெல். இரண்டும் ஒரே பொருள் அல்ல, எடையால் சமம். வேறு வேறானவற்றை நிறுத்துப் பார்ப்பதற்கே ‘சமம்’ என்னும் சொல் வேண்டும். ‘ஒரே’ என்று சொல்லிவிட்டால் நிறுக்கவே வேண்டியதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. டெல்டாவின் ஓர் ஊராட்சியில், விடியலில் மோட்டாரைப் போட்டு, வால்வைத் திறந்து, தொட்டியில் குளோரின் கலப்பவர் பெரும்பாலும் ஆண். தள்ளுவண்டியுடன் தெருத்தெருவாகச் சென்று, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கையால் பிரிக்கும் தூய்மைக் காவலர் பெரும்பாலும் பெண். இவை ஒரே வேலை அல்ல என்பதால், ‘ஒரே வேலைக்கு’ என்று தொடங்கும் கோரிக்கை அந்தப் பெண்ணுக்கு முதல் சொல்லிலேயே கதவை அடைத்துவிடுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 39(ஈ) பிரிவு பேசுவது ஆண், பெண் இருபாலருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலையோடு நில்லாமல், திறனும் உழைப்பும் பொறுப்பும் ஒத்த வேலைகளையும் சேர்த்துக்கொண்டது. இந்தியா 1958இல் ஏற்புறுதி அளித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையோ ‘சம மதிப்புள்ள வேலை’ என்றே கூறுகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றத்தில் சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிகளைச் செய்த பெண்கள், குப்பை அள்ளுதல் போன்ற ஆண்கள் மிகுந்த பணிகளுக்குத் தரப்பட்ட ஊக்கத்தொகை தங்களுக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடியது இந்த ‘மதிப்பு’ என்னும் அளவுகோலைக் கொண்டுதான். 2023இல் அம்மன்றம் நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்தபோது, சம ஊதியக் கோரிக்கைகளுக்காகத் தரவேண்டிய தொகை 76 கோடி பவுண்டு வரை போகலாம் என்று கணக்கிட்டிருந்தது. அச்செய்தியையும் ‘ஒரே வேலை’ என்று தமிழாக்கினால், சமையற்காரப் பெண் குப்பை லாரியில் வேலை பார்த்தார் என்றுதானே படிப்பவர் எண்ணுவார்? மூலத்தைப் படித்துப் பொருளறியாமல், காதுக்கு இசைந்ததை எழுதிவிடும் இந்த அவசரம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வளர்ந்துவருவது எனக்கு வருத்தம் தருகிறது.

தூய தமிழ் விரும்பும் நண்பர்கள் ‘நிகர் ஊதியம்’ என்கிறார்கள். அவர்களின் நோக்கம் எனக்கும் உடன்பாடே. ஆயினும், பிடித்தம் போகக் கைக்கு வருவதைச் சம்பளப் பட்டியலில் ‘நிகர ஊதியம்’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். ஒரு புள்ளியில் பொருள் மாறும் சொல் உரிமைக் கோரிக்கைக்கு உதவாது. ‘சம மதிப்புள்ள பணிக்குச் சம ஊதியம்’ என்பதே சரியான தொடர். சுவரொட்டிக்கு நீளம் என்றால் ‘சம மதிப்புக்குச் சம ஊதியம்’ என்று சுருக்கலாம்; ‘மதிப்பு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது.