மூன்று நாள் தள்ளி ஆறிய காயம்

அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 11 மாணவர்கள், ஓர் ஆய்வுக்காகத் தங்கள் மேலண்ணத்தில் சின்னதாக ஒரு காயம் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள். 3.5 மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான். முதல் காயம் கோடை விடுமுறையில். இரண்டாவது, அதே ஆளுக்கு, அண்ணத்தின் மறுபக்கத்தில், பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்னால்.

1998-ல் இந்த ஆய்வின் முடிவு வெளியானது. தேர்வு நேரத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்திருந்தது, அதாவது 40 சதவீதம் தாமதம். விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வு நேரத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை. இத்தனைக்கும் அவர்கள் நோயாளிகள் இல்லை, நல்ல ஆரோக்கியத்தில் இருந்த இளம்வயதுப் பிள்ளைகள். மருத்துவம், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் சோர்ந்துபோய் வரும்போது 'மனசைத் திடமா வச்சுக்கோ' என்று சொல்லி அனுப்புகிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இந்தக் காயம்தான் ஞாபகம் வருகிறது. மனசு எவ்வளவு திடமாக இருந்தாலும் உடம்பு தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது? ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் அதன் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும், அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும், அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் வரும். கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி உடனடித் தேவைக்கு வழிசெய்யும், காயம் ஆற்றுவது, நோய் எதிர்ப்பு மாதிரியான 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' வேலைகளைத் தள்ளிப்போடும். கெட்ட ஏற்பாடு இல்லை இது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முன்னால் நிற்கும்போதும், கேசுவாலிட்டியில் மூச்சுத் திணறலோடு ஒருவரைத் தூக்கி வரும்போதும் இது வேண்டும். வேலை முடிந்ததும் அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிப்போய் 'போதும்' என்று சொல்லி, சுரப்பதை நிறுத்த வைக்கும். அந்தப் 'போதும்' வருவதற்கு நேரமே கொடுக்காமல் இன்டர்னல் தேர்வு, வார்டு போஸ்டிங், நைட் டியூட்டி, மறுபடி இன்டர்னல் என்று அடுக்கினால், தள்ளிப்போட்ட வேலைகள் தள்ளியே கிடக்கும். இப்படிச் சேரும் தேய்மானத்தைத்தான் நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லாரும் 1993-ல் 'அலோஸ்டேடிக் சுமை' என்றார்கள்.

சரி, மூளைக்கு என்ன ஆகிறது? 2009-ல் நியூயார்க்கில் கானர் லிஸ்டன், மெக்யூவன் குழுவினர் பெரிய தேர்வுக்காக ஒரு மாதமாக விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த 20 மருத்துவ மாணவர்களை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து ஒரு கவனச் சோதனை கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றச் சொல்லும் சோதனை. அழுத்தத்தில் இருந்தவர்கள் அதில் தடுமாறினார்கள், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கும் அதோடு சேர்ந்து கவனத்தை இயக்கும் மற்ற பகுதிகளுக்கும் இடையே இருக்கவேண்டிய ஒத்திசைவும் குறைந்திருந்தது. வார்டில் ஒரு டாக்டருக்கு மிகவும் தேவைப்படும் திறமை இதுதான் இல்லையா, ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் படுக்கையில் ஏதோ மாறுவதைப் பிடித்துவிடுவது. ஆனால் ஆய்வு அங்கே முடியவில்லை. தேர்வு முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு அதே மாணவர்களை மறுபடி பார்த்தார்கள். எல்லாம் பழைய நிலைக்கு வந்திருந்தது.

மீள்திறன் என்று நாம் சொல்லும் சொல்லுக்குள்ளேயே இது இருக்கிறது. மீள்வதற்கான திறன். எவ்வளவு அடித்தாலும் அசையாமல் நிற்கும் திறன் என்று அதற்கு எப்படியோ அர்த்தம் வந்துவிட்டது, மீள்வதற்கு வேண்டிய நேரத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் இருவரும் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதித்த அளவே 0.03தான். 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10. அந்த நிலையில் ஒரு ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பின் கடைசியில் மருத்துவமனைப் பயிற்சியில் இருப்பவர், ரத்தம் எடுக்கிறார், மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிறார், டியூட்டி முடிந்து பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் போகிறார். 'எனக்குப் பழகிடுச்சு' என்று அவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்க வைத்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், கலந்துகொண்டவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. தூக்கக் கலக்க உணர்வு மட்டும் சில நாளில் ஓரளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. குறைந்துகொண்டிருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. பாஸ்டன் ஐ.சி.யு.க்களில் 24 மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஷிப்டில் இருந்த இன்டர்ன்கள் என்ற பயிற்சி டாக்டர்கள், நேரம் குறைக்கப்பட்ட ஷிப்டில் இருந்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்ததாக 2004-ல் வந்த கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊர் நிலவரம்? தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் தந்த அறிக்கையில், ஆன்லைனில் பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததாக முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேர். விரும்பியவர்கள் மட்டும் பதில் சொன்ன கணக்கெடுப்பு என்பதால் எல்லாக் கல்லூரிக்கும் இதே எண்ணைப் பொருத்த முடியாது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இது பயப்பட வேண்டிய எண். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1992-லேயே ரெசிடென்ட் டாக்டர்களுக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுபவர்களுக்கு, வாரம் 48 மணி நேரம் என்று எழுதி வைத்த நாடு இது.

ஏற்பாட்டை மாற்றினால் ஆட்கள் மாறுகிறார்களா என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். அங்கே ஸ்டுவர்ட் ஸ்லாவின் என்ற குழந்தை மருத்துவரின் முயற்சியில் ஆரம்ப வருட மாணவர்களுக்கு மார்க், ரேங்க் எல்லாம் போய் பாஸ்-ஃபெயில் மட்டும் ஆனது, வகுப்பு நேரம் சுமார் 10 சதவீதம் குறைந்தது, விருப்பப் பாடத்துக்கும் சேர்ந்து பழகும் குழுக்களுக்கும் நேரம் கிடைத்தது. மனதைக் கையாளும் சிறு பயிற்சியும் சேர்ந்தது, ஆனால் அது மட்டுமே இல்லை. முதல் வருட மாணவர்களிடையே மனச்சோர்வு சில வருடங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். அட்டவணையைத் தொடமாட்டார்கள், ஒரு மதியம் யோகா வகுப்பு வைத்துவிட்டு வருகைப் பதிவும் எடுப்பார்கள். யோகாவைக் குறை சொல்லவில்லை, தூங்க வேண்டிய நேரத்தில் வைப்பதைத்தான் சொல்கிறேன்.

கல்லூரி மாறும்வரை என்ன செய்வது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: நைட் டியூட்டிக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள், டியூட்டி முடிந்ததும் வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். காபி தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறதே தவிர அடினோசினைக் குறைப்பதில்லை, அதனால் விடியற்காலையில் குடித்தால் காலைத் தூக்கம்தான் கெடும். அப்புறம், தனியாக இருக்காதீர்கள். அழுத்தம் தரும் சோதனைக்கு முன் நெருங்கிய நண்பர் கூட இருந்தவர்களுக்குக் கார்டிசால் குறைவாக ஏறியதை 2003-ல் சூரிக்கில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் அறைக்கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்றால் போய்த் தட்டுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், உங்களுக்கோ பக்கத்து அறைக்காரருக்கோ, 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.