ஆக்கிரமிப்பா, வல்வளைப்பா?

புதுச்சேரியில் ‘ஆக்கிரமிப்பு’ என்றால் நடைபாதைக் கடை, வாய்க்கால் ஓரத்துக் கொட்டகை, அப்புறம் அவற்றை இடிக்க வரும் பொக்லைன். ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டில் உட்கார்ந்துகொள்வதற்கும் (ஆங்கிலத்தில் ‘ஆக்குபேஷன்’) இதே சொல்லைத்தான் எழுதுகிறோம். ஈராக்கில் அமெரிக்கா சறுக்கிய கதையைச் சொல்லும் ‘நோ எண்ட் இன் சைட்’ (2007) ஆவணப்படத்தைத் தமிழில் அறிமுகப்படுத்தப் போனால், இந்தச் சொல் போதவில்லை.

வேர் வடமொழி. ‘க்ரம்’ என்றால் அடி வைத்தல். ‘ஆ’ முன்னே சேர்ந்தால் மேலேறி வருதல், தாக்குதல். மூவடியால் உலகளந்த திரிவிக்கிரமன் பெயரிலும் இந்த வேர்தான். ஆக, அழுத்தம் கால் வைப்பதில். அதற்குத்தான் ‘படையெடுப்பு’ இருக்கிறதே!

சட்டம் பார்ப்பது அடுத்த கட்டத்தை. போர் பற்றிய பன்னாட்டு விதிகளான 1907 ஹேக் விதிகளின் 42ஆம் பிரிவுப்படி, ஆக்குபேஷன் என்று சொல்ல, நிலம் எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் உண்மையிலேயே வந்திருக்க வேண்டும். வந்துவிட்டால், பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் இயன்றவரை மீட்பது பிடித்தவர் கடமை என்கிறது 43ஆம் பிரிவு. அமெரிக்கா கோட்டை விட்டது இங்கேதான். 2003 மார்ச் 20இல் தொடங்கிய படையெடுப்பில் ஏப்ரல் 9இலேயே பாக்தாத் விழுந்தது. அடுத்த சில நாளில் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது தடுக்க ஆளில்லை. மே மாதம் ஈராக்கை நடத்த அமெரிக்க நிர்வாகியாக வந்த பால் பிரெமர், முதல் ஆணையில் சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசுப் பணியிலிருந்து நீக்கினார். இரண்டாம் ஆணையில் ராணுவத்தையே கலைத்தார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். படம் அடுக்கிக் காட்டுவது பெரும்பாலும், பிடித்ததை வைத்து ஆளத் தெரியாத தோல்விகளை.

ஈழத்து எழுத்தில் ‘வல்வளைப்பு’ புழங்குகிறது. வலிமையால் வளைத்தல். “இடத்தை வளைச்சுப் போட்டுட்டான்” என்று நாம் பேசும்போது, எடுத்ததும் விடாமல் வைத்திருப்பதும் சேர்ந்தே வருகிறதல்லவா? தொல்காப்பியமும் கோட்டைப் போரைச் சொல்லும் உழிஞைத் திணையில் கோட்டையை ‘முற்றல்’ வேறு, ‘கோடல்’ வேறு என்று பிரிக்கிறது. சூழ்வது ஒன்று, கைக்கொள்வது ஒன்று. புதுச்சேரி இரண்டையும் பார்த்த ஊர். ஆங்கிலேயர் முற்றுகையிட்டு 1761 ஜனவரியில் பிடித்து, இடித்துத் தள்ளினார்கள். 1793இல் மறுபடி பிடித்து, 1816இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தந்தார்கள். இந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளை முற்றுகை என்றோ படையெடுப்பு என்றோ சொல்ல முடியாது.

சரி, வாய்க்கால் செய்திக்கு ஆக்கிரமிப்பே இருக்கட்டும். படை வந்து தங்கினால் வல்வளைப்பு, வல்வளைப்புப் படை. ஒரு எச்சரிக்கை: இதில் கண்டனத்தின் சாயல் உண்டு. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் (2003 மே) அமெரிக்காவையும் பிரிட்டனையும் ‘ஆக்குபையிங் பவர்ஸ்’ என்று, கண்டனமில்லாமல், சட்டநிலையாக மட்டும் குறிப்பிடுகிறது. அதுபோன்ற இடத்தில் ‘படைவசப்படுத்திய நாடுகள்’ என்று எழுதலாம்.